ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்தது விற்றவருக்குத் தெரியுமா?

தாம்பரத்தை ஒட்டிய பகுதியிலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2021 ஜூனில் இவரும் கணவரும் கூட்டாக ஒரு தனி வீடு வாங்கினார்கள். விற்றவர் அங்கேயே குடியிருந்தவர். கீழ்த்தளத்தை 2006-இலும் மாடியை 2011-இலும் ஒரு மேஸ்திரியை வைத்துக் கட்டியிருக்கிறார். பேசிய விலை 74 லட்சம், பத்திரத்தில் காட்டியது 55 லட்சம், வங்கிக் கடன் 40 லட்சம். பார்க்கப் போனபோது வீடு முழுக்கப் புது பெயின்ட். மாடியில் ஹாலிலும் படுக்கையறையிலும் அப்போதுதான் போட்ட ஃபால்ஸ் சீலிங். “அந்த சீலிங்கைப் பார்த்துத்தான் வீடே பிடித்துப்போனது” என்று எழுதுகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது படுக்கையறை சீலிங்கில் மஞ்சளாக ஒரு கறை வந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு அடித்துவிட்டார்கள். 2025 நவம்பர் மழையில் ஒரு நாள் காலை அதே இடத்தில் சீலிங் பலகை உடைந்து, கான்கிரீட் துண்டுகளோடு கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. மிச்சப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தால், மேலே உள்ள கூரைத் தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிகின்றன. அங்கங்கே பழைய சிமென்ட் ஒட்டு. இரண்டு அறைக்கும் தளத்தை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், 9 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என்கிறார் இன்ஜினியர்.

ஒயரைச் சரிபார்க்க வந்த எலக்ட்ரீஷியன், “இந்த ரூம்ல ஃபேன் கொக்கி ஆடுதுன்னு பழைய ஓனர்கிட்ட அப்பவே சொன்னேனே” என்றாராம். விற்றவருக்கு வயது 74, இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். மகனுக்கு வாட்ஸப்பில் படங்களை அனுப்பியதற்கு வந்த பதில்: “அப்பா அப்பவே ஆள் வச்சு பேட்ச் ஒர்க் பண்ணித்தான் குடுத்தார். நாலு வருஷம் கழிச்சு எங்களைக் கேட்டா எப்படி?”

இனி வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ‘ரெரா’ என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஐந்து வருஷம் பொறுப்பு உண்டு, ஜூனுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும் என்கிறார் கணவர். போலீஸுக்குப் போகலாம் என்பது கொழுந்தனார் கட்சி. பத்திரத்தை ரத்து செய்து 74 லட்சத்தையும் திருப்பி வாங்கச் சொல்கிறார் வாசகியின் அப்பா. கட்டிய மேஸ்திரியையும் சேர்த்துப் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி. புரோக்கரோ, “பத்திரம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதும்மா” என்று போனை வைத்துவிட்டார். மாமியார் சொன்ன யோசனை கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு நானும் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டம் இருக்கட்டும். அந்த இரண்டு அறைகளில் இப்போதும் யாராவது படுக்கிறீர்களா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. படுப்பதாக இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். இன்ஜினியரிடம் கேட்டு, சென்ட்ரிங் ஆட்களை வைத்துத் தளத்துக்கு முட்டுக் கொடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தளம் உடைந்து, அது விழுந்த வேகத்தில் கீழிருந்த தளங்களும் சரிந்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். டெல்லி ஐஐடி நிபுணர்கள் ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் கலந்திருந்த உப்பும் அதனால் கம்பிகள் துருப்பிடித்ததும் வெளிவந்தன. உங்கள் வீடு சின்னது, அத்தனை பெரிய ஆபத்து இல்லைதான். ஆனால் காரணம் ஒரே இனம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டி எத்தனை வருஷம், வாங்கி எத்தனை வருஷம் என்றே உங்கள் வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் வேறொரு கேள்வியில். விற்ற அன்று, அந்தத் தளத்தின் நிலைமை விற்றவருக்குத் தெரியுமா? தெரியும் என்று காட்ட முடிந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. காட்ட முடியாவிட்டால், எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், பழுது உங்கள் தலையில்தான். பழைய வீட்டை வாங்குகிறவர் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் பொது நினைப்பு. விதிவிலக்குகள் உண்டு, அதில் ஒன்றுக்குள் நீங்கள் நுழைய வேண்டும்.

ஐந்து வருஷப் பொறுப்பு உங்கள் வீட்டுக்கு இல்லை

உங்கள் கணவர் சொல்வது இல்லாத சட்டம் அல்ல. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ இருப்பதாகத் தெரிவித்தால், கட்டி விற்றவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அது ‘புரமோட்டர்’ என்கிற ஆளைக் கட்டிப்போடுகிற சட்டம். அதாவது விற்பதற்காகவே கட்டுகிறவர். தான் குடியிருக்கக் கட்டிய வீட்டைப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து விற்கும் ஒருவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதனால் ஜூன் மாதத்தை நினைத்துப் பதறாதீர்கள். அங்கே போய் மனு கொடுத்தால் கட்டணமும் சில மாதங்களும் வீணாகும்.

பில்டரிடம் ஃப்ளாட் வாங்கிய மற்ற வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அந்த ஐந்து வருஷத்துக்குள் குறையை பில்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வாட்ச்மேனிடம் சொன்னேன், சைட் இன்ஜினியர் வந்து பார்த்தார் என்பதெல்லாம் பின்னால் நிற்காது. மின்னஞ்சலாவது அனுப்பி வைத்திருங்கள். முதல் உரிமையாளரிடமிருந்து ஃப்ளாட்டை இரண்டாம் கையாக வாங்கியவரும் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்ற வரையறைக்குள் வருகிறார். பல பேர் இது தெரியாமலே காலத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குக் கைகொடுக்காது. கட்டுமானம் ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. இன்றைய 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் விற்றவர் உங்களுக்குக் கட்டித் தரவில்லை, கட்டி முடித்த வீட்டைக் கைமாற்றினார். அது வெறும் விற்பனை.

மேஸ்திரி கதையும் இதே மாதிரிதான். அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. 2011-இல் அவர் கூலி வாங்கியது பழைய உரிமையாளரிடம். இவ்வளவு வருஷம் கழித்து அந்த உரிமையாளரே அவர்மேல் வழக்குப் போட முடியாது, நீங்கள் எங்கே போடுவது? நீங்களே மேஸ்திரியையோ கான்ட்ராக்டரையோ வைத்துக் கட்டியிருந்தால் என் பதிலே வேறாக இருக்கும்.

கடன் கொடுப்பதற்கு முன் வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்து பார்த்தாரே, அவர் ஏன் சொல்லவில்லை என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் அவர் பார்த்தது வங்கி கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று. உங்களுக்கு அவர் எந்த உறுதியும் தரவில்லை.

உங்களுக்கு உதவுவது 1882-ஆம் ஆண்டுச் சட்டம்

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. விற்பவரின் கடமைகளில் முதலாவது இது: சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு பின்னால் சொல்கிறது. வாய் திறக்காமல் இருப்பதே மோசடி ஆகிவிடுகிற அபூர்வமான இடம் இது. குறையை வேண்டுமென்றே மூடி மறைப்பது மோசடி என்று ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் தனியாகச் சொல்கிறது.

உங்கள் பத்திரத்தில் ‘பின்னிட்டு ஏதேனும் வில்லங்க விவகாரம் ஏற்பட்டால் விற்பவரே முன்னின்று தம் சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுப்பார்’ என்று எழுதியிருப்பதை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வரியை நம்பாதீர்கள். அது அடமானம், பங்காளித் தகராறு, இரட்டை விற்பனை போன்ற உரிமைச் சிக்கல்களுக்கு. துருப்பிடித்த கம்பி வில்லங்கம் ஆகாது.

அதே பத்திரத்தில் ‘சொத்தை நேரில் பார்வையிட்டுத் திருப்தி அடைந்து’ என்றும் ஒரு வரி இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிப் பிடிப்பது அதைத்தான். நம் பதில் எளிது. கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்துத் திருப்தி அடைந்தார்கள். பலகை போட்டு மூடியதைப் பார்க்கவும் வழியில்லை, திருப்தி அடையவும் வழியில்லை. ஒழுகும் குழாய், விரிசல் விட்ட சுவர் என்றால் இந்தப் பதில் எடுபடாது.

பாதி ஆதாரம் மேலேயே தொங்குகிறது

கம்பிக்கு வெளியே கான்கிரீட் ஒரு தோல் மாதிரி மூடியிருக்க வேண்டும். தளம் என்றால் பொதுவாக 20 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. கம்பிக்கு அடியில் இடைவெளி விடுவதற்கான கவர் பிளாக் வைக்காமல் கல்துண்டை வைத்து ஒப்பேற்றினாலும், மேல்தளத்தில் நீர்க்கசிவு இருந்தாலும், உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலும் ஈரமும் காற்றும் கம்பியை எட்டிவிடும். துருப்பிடித்த இரும்பு முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். உப்பும்போது கான்கிரீட்டைக் கீழே தள்ளும். இதெல்லாம் வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கிற வேலை. நான் இவ்வளவு விளக்குவது எதற்கு என்றால், இன்றைய துருவின் அளவை வைத்து, 2021-இலேயே இது ஓரளவு முற்றியிருக்க வேண்டும் என்று ஓர் அனுபவமுள்ள ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரால் சொல்ல முடியும். மதிப்பீடு எழுதித் தரும் சைட் இன்ஜினியர் இதற்குப் போதாது. சுத்தியல் சோதனை, ஒலி அலைச் சோதனை, கான்கிரீட் துண்டைக் குடைந்து எடுக்கும் சோதனை ஆகியவற்றைச் செய்து, கையெழுத்தும் தகுதியும் போட்டு அறிக்கை தருபவர் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் செய்யும் சோதனைக்கு நீதிமன்றத்தில் கூடுதல் மரியாதை உண்டு.

ஆனால் குறை அப்போதே இருந்தது என்பது பாதிக் கிணறுதான். அவருக்குத் தெரியும் என்பது மீதி. இங்கேதான் அந்தச் சிமென்ட் ஒட்டு உங்களுக்கு வரப்பிரசாதம். பலகைக்கு மேலே, தளத்தின் அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்றால், பலகை வருவதற்கு முன் யாரோ ஏணியில் ஏறிப் பார்த்துக் கலவை பூசியிருக்கிறார்கள். அதன்பிறகுதான் பலகை. கலவை பூசியவருக்குக் கூலி கொடுத்தது யார்?

எலக்ட்ரீஷியன் நல்ல சாட்சி. அவரைவிட முக்கியமான ஒருவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டவர்! பலகையைத் தாங்கும் சேனலைத் தொங்கவிட அவர் தளத்தில் துளை போட்டாக வேண்டும். பெயர்ந்து நிற்கும் கான்கிரீட்டில் துளை போட்டவருக்கு அது கையிலேயே தெரிந்திருக்கும். “சார், இங்க ஆங்கர் நிக்கல” என்று சொல்லாமல் வேலையை முடித்திருக்கவே முடியாது. அவரைத் தேடிப் பிடியுங்கள். புரோக்கருக்குத் தெரிந்திருக்கலாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள். புரோக்கரிடம் சண்டை போடாதீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அவர் உங்களுக்கு எதிரியாக இருப்பதைவிடச் சாட்சியாக இருப்பது லாபம். வீட்டை முதன்முதலில் காட்டும்போது அவர் அனுப்பிய படங்கள் ஏதாவதில் ஃபால்ஸ் சீலிங் இல்லாத கூரை தெரிகிறதா என்று பழைய போன்களில் தேடிப் பாருங்கள். விழுந்த பலகைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில பலகைகளின் பின்பக்கம் தயாரித்த தேதியோ பேட்ச் எண்ணோ அச்சிட்டிருக்கும்.

இப்போது அந்த வாட்ஸப் பதில். ‘பேட்ச் ஒர்க் பண்ணித்தான் குடுத்தார்’ என்று மகன் எழுதியதைப் படித்ததும், ஜெயித்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் விற்றவர் அப்பா. மகன் சொன்னது அப்பா ஒப்புக்கொண்டதாக ஆகாது. மகனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம், அவர் மழுப்பினால் இந்தச் செய்தியைக் காட்டி மடக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் அந்தச் செய்தி ஒழுங்காக நிற்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கு ஒரு சான்று இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அந்த மஞ்சள் கறைதான் எனக்குக் கவலை

ஆறு பக்கத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் அது. பெயின்டரைக் கூப்பிட்டு அடித்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு காலக்கெடு. பத்திரம் முடிந்த நாளிலிருந்து எண்ணினால் அது 2024 ஜூனிலேயே முடிந்துபோயிற்று. புரோக்கர் சொன்னதில் இவ்வளவுதான் உண்மை. ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மோசடியால் மறைக்கப்பட்ட விஷயத்தில் வாதி அந்த மோசடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்தோ, நியாயமான முயற்சி எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்கிறது. நீங்கள் கண்டுபிடித்தது 2025 நவம்பரில். அப்படியானால் 2028 நவம்பர் வரை நேரம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். “கூரையில் கறை வந்தால் யாராக இருந்தாலும் ஏன் என்று திறந்து பார்க்க மாட்டார்களா? 2023 டிசம்பரிலேயே கண்டுபிடித்திருக்கலாமே?” என்பார். ஊரே வெள்ளக்காடாக இருந்தபோது சீலிங்கில் கறை வந்தால், ஏதோ சாரல் என்று நினைப்பது இயல்புதானே என்று நாம் வாதாடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்க வேண்டிய நிலைக்கே போகக் கூடாது. இந்த 2026 டிசம்பர் பிறப்பதற்கு முன் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டால், கறை வந்த நாளிலிருந்து எண்ணினாலும் நீங்கள் காலத்துக்குள் இருப்பீர்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. ‘அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்’, ‘பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று இழுத்தடித்தே காலக்கெடுவைத் தாண்ட வைத்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போலீஸில் புகார் நிலுவையில் இருந்தாலும் நிற்காது. வழக்கில் மோசடியைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் போதாது. என்ன மறைத்தார், எப்போது, எப்படி, நமக்கு எப்போது தெரிந்தது என்று விவரமாக எழுத வேண்டும். பத்திரம் முடிந்து மூன்று ஆண்டு தாண்டியும் வழக்கு ஏன் செல்லும் என்பதையும் வழக்குரையிலேயே சொல்லிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு முதல் படியிலேயே தடுக்கி விழுந்த வழக்குகள் உண்டு.

பத்திரத்தை ரத்து செய்யலாமா?

மோசடி என்று நிரூபித்தால் ரத்து கேட்க உரிமை உண்டு. அப்பாவிடம் அதை மறைக்க வேண்டாம். ஆனால் உங்கள் நிலையில் நான் அதைச் சொல்லமாட்டேன். நான்கு வருஷத்துக்கு மேல் குடியிருந்துவிட்டீர்கள், வீடு வங்கியிடம் அடமானத்தில் இருக்கிறது. அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 55 லட்சத்துக்கு 6 லட்சத்து 5 ஆயிரம் அரசுக்குக் கட்டியிருப்பீர்கள். அதையும் தனியாகப் போராடித்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பத்திரத்தில் இருப்பது 55 லட்சம். மீதி 19 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம் என்று நீதிமன்றத்தில் எழுதும்போது, வருமான வரித் துறைக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள். ரொக்கம் வாங்கியவருக்கு மட்டும் அல்ல, கொடுத்தவருக்கும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்பது அங்கே பதில் ஆகாது. பழுதுபார்க்கும் செலவை நஷ்டஈடாகக் கேட்டால் வீட்டின் விலையே வழக்குக்குள் வராது.

போலீஸ் விஷயம். 2021-இல் நடந்தது என்பதால் பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு பொருந்தும். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். நிலையத்தில் ஒரு ரசீது கொடுத்து, சிவில் மேட்டர் என்று அனுப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம். பணத் தகராறுக்குக் கிரிமினல் வழக்கை மிரட்டலாகப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது. சீலிங் போட்டவர் வாயைத் திறந்து, “மூடிடு, வீட்டை விக்கணும்னு சார்தான் சொன்னார்” என்று சொன்னால் மறுபடி யோசிக்கலாம். அதுவரை கொழுந்தனாரைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு, எங்கே, என்ன வரிசையில்

முதலில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரின் அறிக்கை. அடுத்து, விற்றவர் பெயருக்கே வக்கீல் நோட்டீஸ், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில். மகனுக்கு அல்ல. வீட்டை வந்து பார்க்க அவருக்கு 15 நாள் கொடுங்கள். பார்க்கவே விடாமல் உடைத்துவிட்டார்கள் என்று நாளை அவர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. அதுவரை தளத்தை உடைக்க வேண்டாம், முட்டு மட்டும் போதும். காத்திருக்க முடியாத அளவுக்கு நிலைமை மோசம் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால், வழக்கைத் தாக்கல் செய்த கையோடு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை இன்ஜினியர் துணையோடு வந்து பார்த்து அறிக்கை தரச் சொல்லி நீதிமன்றத்திடம் மனுப் போடலாம். அந்த அறிக்கை பதிவாகிவிட்டால் தாராளமாக வேலையைத் தொடங்கலாம்.

வேலைச் செலவு 9 லட்சத்து 80 ஆயிரம், சோதனைச் செலவு, வேலை நடக்கும் மாதங்களுக்கு வெளியே தங்கும் வாடகை எல்லாம் சேர்த்து 12 லட்சம் அளவுக்குக் கேட்கலாம். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 36 ஆயிரம். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2011-இல் போட்ட தளத்துக்குப் பதில் புதுத் தளம் கிடைக்கிறது, அந்த லாபத்தைக் கழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நீதிமன்றம் ஓரளவு கழிக்கவும் செய்யும். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு தொகைக்குச் சமரசம் வந்தால், அதை அவமானமாக நினைக்காமல் உட்கார்ந்து யோசியுங்கள்.

சமரசத்துக்கு நல்ல இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதே. இந்தப் பேச்சுக்கு இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று மாதம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் வழக்குதான்.

விற்றவருக்கு 74 வயது என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். வழக்கு நடக்கும்போது அவர் காலமாகிவிட்டால், வாரிசுகளைச் சேர்த்து வழக்கைத் தொடரலாம். ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. உங்களிடம் வாங்கிய பணத்தை மகன் பெயரில் போட்டுவிட்டாரா, கோயம்புத்தூரில் அவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒன்றும் இல்லாதவர்மேல் வாங்கிய தீர்ப்பை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

மாமியாரின் யோசனை

“பேசாமல் நாமும் பூசி, பலகை போட்டு வேறு யாருக்காவது விற்றுவிடலாம் என்கிறார் அத்தை. தப்பா சார்?” என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்தால் யாருக்கும் அப்படித் தோன்றும். ஆனால் இப்போது தளத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியும். இன்ஜினியர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு உங்கள் கையில், எடுத்த படங்கள் உங்கள் போனில், மகனுக்கு அனுப்பிய செய்திகள் தேதியோடு அவர் போனில், கூடவே நீங்கள் எனக்கு எழுதிய ஆறு பக்கம். மேலே சொன்ன அதே 55-ஆம் பிரிவு அடுத்து வாங்குகிறவர் கையில் இருக்கும், எதிரில் நீங்கள் நிற்பீர்கள். விற்றவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க நீங்கள் இப்போது படும் பாடு அவருக்கு இருக்காது. விற்றே ஆக வேண்டும் என்றால் குறையைச் சொல்லி, அறிக்கையைக் காட்டி, அதற்கேற்ற விலைக்கு, பத்திரத்திலும் எழுதி விற்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நஷ்டஈட்டு வழக்கை அதன்பிறகும் நடத்தலாம், குறைத்து விற்ற தொகையே உங்கள் நஷ்டத்துக்கு ஒரு கணக்காக நிற்கும்.

சீலிங் போட்டவர் கிடைத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். முட்டுக் கொடுப்பதற்கு முன்பே தளத்தைப் பல கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள், முட்டுக் கொடுத்தபின் பாதி மறைந்துவிடும்.